பெடலில் இருந்த என் கால்

முந்நூறு வருடப் பழமையான, பரோக் எனும் ஐரோப்பியச் செவ்விசைத் துண்டு ஒன்றை, கல்முனையில் வாங்கிய கீபோர்ட்டில் மூன்று மாதமாகப் பழகியிருந்தேன். பெடலை மிதித்து, சுரங்கள் ஒன்றோடொன்று குழைய வாசிப்பதுதான் எனக்குப் பிடிக்கும். சாய்ந்தமருதிலிருந்து வந்த மச்சான், நான் வாசிக்கத் தொடங்கியதுமே மறித்தார்.

“பெடல்ல கால வெக்காதீங்க மச்சான். அந்தக் காலத்துல இருந்தது பியானோ இல்ல, ஹார்ப்சிகோர்ட். கீபோர்ட்ல அந்தச் சத்தத்துக்குப் பட்டன் இருக்கு, அத அமத்துங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொழுகையில் கையை எங்கே கட்டுவதென்று பள்ளிவாசலில் சண்டை பிடித்து ஓய்ந்த ஊர் இது. இப்போது என் காலுக்கும் பத்வாவா? அதுவும் போனில் பார்த்து எல்லாம் படித்தவரிடமிருந்து!

பட்டனை அழுத்தி வாசித்தேன். கம்பியைச் சுண்டுவது போல வறண்ட சத்தம் வந்தது.

“ஓம், இதுதான் அசல்” என்று கண்ணை மூடி ரசித்தார்.

எழுந்துபோய்ப் பிளக்கைக் கழற்றினேன்.

“அந்தக் காலத்துல கரண்டும் இல்ல மச்சான்.”