விருந்து மண்டபத்துக் கரும்பு

கயிறு இழுக்கும் போட்டியில் யார் தோற்க வேண்டும் என்பதைக் கோப்பில் எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்தும் வாங்கிய மனிதர் என் அப்பா. 'வரிசை எண் ஏழு: அலுவலர் அணிக்கும் பத்திரிகையாளர் அணிக்கும் கயிறு இழுத்தல். பத்திரிகையாளர் அணி வெற்றி பெறும்' என்று அவருடைய கோழிக் கிறுக்கலில் எழுதியிருந்ததை நானே எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன். நடக்காத போட்டிக்கு எப்படி இப்போதே முடிவு தெரியும் என்று கேட்டேன். அரசாங்கத்தில் அப்படித்தான் என்றார். அவர் சிரிக்கவில்லை, அதனால் நானும் சிரிக்கவில்லை.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. அப்பா புதுக்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். பொங்கலுக்கு முன்னால் மாவட்டத்துப் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு விருந்து வைப்பது அந்த அலுவலகத்தின் வேலை. மற்ற வருடங்களில் மீட்டிங் ஹாலில் ஆளுக்கு ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கல், ஒரு வடை, ஒரு குரூப் போட்டோ என்று முடிந்துவிடும். அந்த வருடம் வந்திருந்த புது அதிகாரிக்கு ஆசை பெரிது. கல்யாண மண்டபம் பிடிக்க வேண்டும், வாசலில் பானை வைத்துப் பொங்க வேண்டும், கரும்புப் பந்தல், உறியடி, கயிறு இழுத்தல், இலை போட்டுச் சாப்பாடு, போகும்போது ஆளுக்கொரு வேட்டி என்று மடமடவென்று சொல்லிவிட்டு அவர் வெளியூர் கேம்ப் போய்விட்டார். மிச்சமெல்லாம் அப்பா தலையில்.

மூன்று வாரம் எங்கள் வீடே அலுவலகமானது. பத்திரிகையாளர்களுக்கு இரண்டு சங்கம், இரண்டு தலைவர்கள், இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பிரியாணி இல்லாமல் என்ன விருந்து என்று ஒரு தலைவர் போன் பண்ணுவார். மார்கழி மாதத்தில் கறி போட்டால் எங்கள் ஆட்கள் இலையில் உட்காரமாட்டார்கள் என்று அடுத்த பத்தாவது நிமிடம் இன்னொருவர் பண்ணுவார். டிவிக்காரர்கள் மேடைக்கு நேர் எதிரே கேமரா வைக்க இடம் கேட்டார்கள். கேமரா எங்களை மறைத்தால் எழுந்து போய்விடுவோம் என்று பேப்பர்காரர்கள் சொல்லியனுப்பினார்கள். அப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது. "கல்யாணம்னா சம்பந்தி ஒருத்தர்தான். இங்க வர்றவன் பூராம் சம்பந்தி" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார், சாப்பிடமாட்டார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தலைவலி யாரைக் கூப்பிடுவது என்பது. அரசாங்கம் கொடுத்த அடையாள அட்டை உள்ள நிருபர்களுக்கு மட்டும்தான் அழைப்பிதழ் என்று அதிகாரி சொல்லியிருந்தார். தாலுகாக்களில் இருந்துகொண்டு, பஸ் விபத்தையும் கோயில் திருவிழாவையும் பைக்கில் ஓடிப்போய்ப் பார்த்து செய்தி அனுப்புகிறவர்களுக்கு அந்த அட்டை கிடையாது. கொடும்பாளூர்ப் பக்கத்தில் இருந்த என் மாமாவுக்கும் கிடையாது. அவர் அம்மாவின் ஒரே தம்பி. பைக்கின் முன்னால் 'பிரஸ்' என்று ஒட்டிக்கொண்டு திரிவார், அவ்வளவுதான் அவருடைய அட்டை.

ஆனால் மாமாவைக் கூப்பிட முடியாததற்கு அட்டை மட்டும் காரணமில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் மாமா ஒரு செய்தி போட்டிருந்தார். அவர் ஊர்ப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி ஒன்றை ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தார்கள். தொட்டிக்குக் குழாய் இணைப்பே கொடுக்கவில்லை. திறப்பு விழா மாலை காய்ந்து தொங்குகிற குழாயைப் படம் பிடித்து மாமா அனுப்ப, அது பெரிதாக வந்துவிட்டது. அப்போதிருந்த அதிகாரி, உன் மச்சினன்தானே, நீ சொல்லாமலா அவனுக்குத் தெரியும் என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டார். அப்பாவுக்கு மெமோ வந்தது. அப்பா ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை, அந்தத் தொட்டி எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. மாமாவை வீட்டுக்குக் கூப்பிட்டு, இனிமேல் இந்த வாசப்படி மிதிக்காதே என்று சொன்னார். மாமாவும் ரோஷக்காரர். மிதிக்கவில்லை.

அதில் அடிபட்டது அம்மா. எங்கள் பக்கத்தில் பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வராத வீட்டில் பொங்கலே பொங்காத மாதிரிதான். கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம் எல்லாம் அண்ணனோ தம்பியோ தன் கையால் கொண்டுவந்து வைக்க வேண்டும். அம்மாவுக்கு இருந்தது ஒரு தம்பி. இரண்டு பொங்கல் சீர் வரவில்லை. பக்கத்து வீட்டு அத்தை, என்ன இன்னும் உன் தம்பியைக் காணோம் என்று வேண்டுமென்றே கேட்கும்போது அம்மா, அவனுக்கு வேலை, பேப்பர் வேலை சும்மாவா என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து அழுவாள். நான் பார்த்திருக்கிறேன்.

அழைப்பிதழ் உறைகளில் பெயர் எழுதும் வேலை எனக்கு வந்தது. அப்பாவின் எழுத்தை வெளியே அனுப்ப முடியாது. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டியில் நான்தான் முதல். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா லிஸ்டைப் பார்த்துப் பெயரைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அம்மா அடுப்படி வாசலில் முறத்தோடு நின்றாள்.

"தம்பிக்கும் ஒன்னு எழுதச் சொல்லுங்களேன்" என்றாள்.

"அவனுக்குக் கார்டு இல்ல."

"தம்பிக்கு எதுக்குங்க கார்டு?"

அப்பா லிஸ்டில் இருந்த இடத்தைத் தவறவிட்டுவிட்டு, படித்த பெயரையே திரும்பப் படித்தார். கோபம் வந்திருந்தால் கத்தியிருப்பார், அவர் கத்தவில்லை என்பதை மட்டும் நான் கவனித்தேன். பிறகு போன் வந்து, நாற்காலி வாடகைக்காரனோடு பேச வாசலுக்குப் போனார். அழைப்பிதழ் வைத்த மிச்ச உறை நாலைந்து கிடந்தது. ஒன்றை எடுத்தேன். மாமாவின் பெயரையும் ஊரையும் எழுதி, பெயருக்குப் பின்னால் 'செய்தியாளர் அவர்கள்' என்றும் எழுதி, தபாலில் போகவேண்டிய கட்டுக்கு நடுவில் செருகிவைத்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. பெரிய காரியம் செய்துவிட்ட பெருமை எனக்குத் தாங்கவில்லை.

விருந்து நாள் காலையில், அம்மா கட்டிவிட்ட பட்டுப்பாவாடையோடு என்னை அப்பா மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். வாசலில் நின்று வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்து, கல்கண்டு கொடுக்க வேண்டும். அம்மா வரவில்லை. அப்பா பக்கத்திலேயே லிஸ்டோடு நின்றார். அவருக்கு அடுத்து அதிகாரி, வேட்டி கட்டிப் பழக்கமில்லாமல் அடிக்கடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு. ஒரு சங்கம் வலப்பக்கமாகவும் இன்னொரு சங்கம் இடப்பக்கமாகவும் வந்து உட்கார்ந்தது. சைவச் சாப்பாடுதானா என்று வருகிற பாதிப்பேர் மோப்பம் பிடித்துக்கொண்டே உள்ளே போனார்கள்.

பதினோரு மணி இருக்கும். மாமா வந்தார். நன்றாக நினைவிருக்கிறது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பஸ்ஸில் கசங்கிப் போயிருந்தது. தோளில் ஒரு கரும்புக் கட்டு, அதன் நடுவில் மண் போகாத மஞ்சள் கொத்து. கையில் கனமான துணிப்பை. பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள், வாங்க வாங்க, இன்னும் ரெண்டு கட்டு வேணும்னு இப்பத்தான் சொன்னோம் என்று அவர் தோளில் இருந்ததை வாங்கிப் போய்விட்டார்கள். இங்கிட்டு வைங்க, அது இதுக்கில்ல என்று மாமா சொன்னது மைக் சத்தத்தில் அவர்கள் காதில் விழவில்லை. விருந்துக்கு வருகிறவர் கரும்பும் கொண்டுவர வேண்டுமாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாமா எங்களை நோக்கி வந்தார். சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்துக் கையில் வைத்திருந்தார். அப்பாவைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு. "வாரேன் மச்சான்" என்று சொல்ல வாயெடுத்தவர் பக்கத்தில் அதிகாரியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு கும்பிட்டார்.

"சார் எந்தப் பேப்பர்?" என்று அதிகாரி கேட்டார்.

மாமா பேப்பர் பெயரைச் சொல்லி, கொடும்பாளூர்ப் பக்கத்துத் தாலுகா நிருபர் என்றார். அதிகாரியின் முகம் மாறியது. தாலுகா ஆட்கள் ஒருத்தர் வந்தால் நூறு பேர் வருவார்கள் என்று அவர் ஏற்கனவே பயந்துகொண்டிருந்தார். அப்பா பக்கம் திரும்பினார். "இவரைக் கூப்பிட்டது யாரு? உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

பன்னீர்ச் செம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அப்பா லிஸ்டைப் புரட்டினார். இல்லாத பெயரை மேலிருந்து கீழ்வரை தேடினார். நிமிராமலே சொன்னார். "நம்ம லிஸ்ட்ல இல்லைங்க சார். யாருன்னு தெரியல."

மாமா கையில் இருந்த உறையைப் பார்த்தார். அதில் என் குண்டு குண்டான எழுத்து. பிறகு என்னைப் பார்த்தார். ஒரு விநாடிகூட இருக்காது. உறையை இரண்டாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"யாரும் கூப்பிடலைங்க சார். இங்கிட்டு ஒரு வேலையா வந்தேன், பந்தலப் பாத்துட்டு சும்மா நுழைஞ்சிட்டேன். தப்பா நெனைக்காதீங்க."

பின்னால் நின்ற ஒரு நிருபர், "சாப்பாட்டு வாசம் கொடும்பாளூர் வரைக்கும் போயிருக்கு" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். மாமாவும் அவர்களோடு சேர்ந்து கொஞ்சம் சிரித்தார். போகும்போது பந்தலில் தன் கரும்பு எந்தக் காலில் கட்டப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கேட்கவில்லை. துணிப்பையை மட்டும் தூக்கிக்கொண்டு வெயிலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.

அப்போது தோன்றியதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு நிம்மதியாக இருந்தது. மாமா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்ற நிம்மதி. கூடவே, கையில் அழைப்பிதழை வைத்துக்கொண்டு இல்லை என்கிறாரே, பெரியவர்கள் இப்படியா பொய் சொல்வார்கள் என்று அவர்மேல் ஓர் இளக்காரம் வேறு. அப்பா சொன்னது எனக்குப் பொய்யாகவே படவில்லை. லிஸ்டில் பெயர் இல்லாதது உண்மைதானே.

விருந்து நன்றாகவே நடந்தது. பானை பொங்கியது, இரண்டு தலைவர்களும் அதிகாரியின் இரண்டு பக்கமும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கயிறு இழுக்கும்போது அலுவலர் அணியில் மற்றவர்கள், முன்பே சொல்லிவைத்தபடி, கயிற்றைச் சும்மா தொட்டுக்கொண்டு நின்றார்கள். அப்பா மட்டும் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கண் சிவக்க, குதிகாலைத் தரையில் ஊன்றி இழுத்தார். பின்னால் நின்றவர் அவர் இடுப்பில் கிள்ளியதைக்கூடப் பார்த்தேன். அணி தோற்றபோது எல்லோரும் கயிற்றை விட்டார்கள், அவர் விடாமல் கோடு தாண்டி இழுபட்டுப் போய் விழுந்தார். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்துவிட்டது. மண்டபமே சிரித்தது. அப்பாவுக்கு இவ்வளவு விளையாட்டு ஆசை இருந்ததே தெரியாது என்று நானும் சிரித்தேன்.

கூட்டம் கலைந்ததும் பந்தல் கரும்பை அலுவலக ஆட்கள் பங்கு போட்டார்கள். அப்பா யாரையும் தொடவிடாமல் ஒரு பந்தல் காலுக்குப் போய், உரிந்த கையாலேயே கயிற்றை அவிழ்த்து, மஞ்சள் கொத்தோடு இருந்த அந்தக் கட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். ஸ்கூட்டரில் நான் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். வீடு வந்ததும் அவரே அதை இறக்கிவைத்தார்.

"ஏது இது?" என்றாள் அம்மா.

"மண்டபத்துல கட்டுனது. மிச்சம்" என்றார் அப்பா. கைக்கு எண்ணெய் கேட்டார்.

மாமா அதற்குப் பிறகு செய்தி எழுதுவதை விட்டுவிட்டார். அடுத்த வருடம் சிங்கப்பூர் போனார். அதெல்லாம் பின்னால் தெரிந்தது.

பொங்கலன்று காலையில் அம்மா அந்த மஞ்சள் கொத்தைத்தான் பானைக் கழுத்தில் கட்டினாள். கொத்து நல்லாயிருக்கு, எங்க ஊரு மஞ்சள் மாதிரியே வாசம் என்றாள். பொங்கி இறக்கி, சூரியனுக்குப் படைத்துவிட்டு, மதியம் வரைக்கும் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். தம்பி ஊர்ப் பஸ் வரும் நேரமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கடைசியில் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, "இந்த வருசமும் வரல" என்றாள். மாமா மண்டபத்துக்கு வந்தார் என்று சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. சொன்னால் உறை வெளியே வரும். வாயை மூடிக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்து கரும்பைக் கடித்தேன்.

"அம்மா, இந்தக் கரும்பு நல்லா இனிக்குதும்மா."

"மண்டபத்துக்கு வாங்குனதுல்ல. ஆபீசருங்க திங்கிறதுன்னு பாத்து வாங்கியிருப்பாங்க" என்றாள் அம்மா, தெருவைப் பார்த்தபடி.

அப்பா முன்னால் இலையில் பொங்கல் வைத்திருந்தது. அவர் அதில் கைகூட வைக்கவில்லை, அப்படியே எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கையில் காயம் இருக்கிறதே, பிசைந்து சாப்பிட எரியுமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் அடுத்த கணுவைக் கடித்தேன்.