சவுக்குக் கட்டை மேல் மகள் வீடு

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் திருத்தணி மலையடிவாரத்தில் பாதிக் கட்டடங்களுக்கு அஸ்திவாரம் போட்டது யார் என்று கேட்டால் என்னைத்தான் கை காட்டுவார்கள். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

மகளுக்கு வீடு கட்டியது, மராட்டியத்தில் பூமி அதிர்ந்து ஊர்கள் அழிந்ததற்கு மறுவருஷம். இடம் ஆற்றோரம். முழுக்க மணல், ஆளுயரம் தோண்டினால் தண்ணீர். பார்க்க வந்த இன்ஜினியர், "பூமி குலுங்குனா இந்த ஈர மணல் கூழாயிடும் மேஸ்திரி. வீடு அப்படியே உள்ள எறங்கிடும்" என்றார். மணலை இறுக்க வழியும் அவரே சொன்னார். மூன்று கம்பங்களைச் சேர்த்துக் கட்டி முக்காலி நட்டு, இரும்புக் குண்டைத் தூக்கித் தூக்கிப் போட்டு, சவுக்குக் கட்டைகளை நெருக்கமாக அடித்து இறக்கினேன். "கட்டை எப்பவும் தண்ணிக்குள்ளயே இருக்கணும். காஞ்சா உளுத்துடும்" என்றும் சொல்லியிருந்தார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நூறு வருஷம் அசையாது என்று மட்டும் டீக்கடை டீக்கடையாகச் சொன்னேன்.

மகள் குடம் தூக்கக் கூடாதென்று அந்தத் தெருவின் முதல் போர்வெல்லைப் போட்டவனும் நான்தான். என்னைப் பார்த்துத் தெருவே போட்டது. மழையும் சில வருஷம் ஏமாற்றியது. தண்ணீர் எங்கோ கீழே போய்விட்டது. அப்போதும் எனக்குக் கட்டைகளின் நினைவு வரவில்லை.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் ஊரிலும் பாத்திரங்கள் ஆடின. எல்லோரும் தெருவுக்கு ஓடி வந்தார்கள். என் மகள் மட்டும் வாசற்படியில் நின்று சிரித்தாள்.

"எங்க நைனா போட்ட கட்டை மேல நிக்குது எங்க வூடு. நீங்க ஓடுங்க!"

அப்போதுதான் இன்ஜினியர் சொன்னது நினைவுக்கு வந்தது. மறுநாள், குழாயைப் பார்ப்பதாகச் சொல்லிச் சுவரோரம் பள்ளம் தோண்டினேன். கட்டையின் தலை கடலை மாவு போல விரலில் உதிர்ந்தது. மணல் காய்ந்திருக்கும்வரை பயமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த ஐப்பசியில் கொட்டிய மழையில் தண்ணீர் பழைய மட்டத்துக்கே ஏறிவிட்டது.

"கட்டையெல்லாம் உளுத்துப்போச்சும்மா. எங்கூட வந்துடுங்க."

"அம்மா போனதுல இருந்து உனக்குத் தனியா இருக்க முடியல. அதுக்கு எங்க வூட்ட ஏன் நைனா கொற சொல்லிகினு இருக்க?"

"கையில எடுத்துப் பாத்தேம்மா."

"ஆங்! நூறு வருசம்னு சொன்னதும் இதே வாய்தான?"

துளையிட்டுச் சிமெண்டுப் பாலை மணலுக்குள் அழுத்தி ஏற்றலாம் என்றார் இன்ஜினியர். மகள் தரையில் ஓர் ஓட்டை போடவும் விடவில்லை. மாறாக, மாடியில் இரண்டு அறை கட்டித் தரச் சொன்னாள். முடியவே முடியாது என்றேன். வேறு மேஸ்திரியை வைத்து எழுப்பினாள்.

"கீழ தாங்குமான்னு கேட்டான் நைனா. உன் பேரச் சொன்னேன். வாய மூடிகினு வேலையப் பாத்தான்" என்று பெருமையாகச் சொன்னாள்.

அந்த மாடியில்தான் என் பேரப்பிள்ளைகள் தூங்குகிறார்கள்.