கருவாட்டு வாசமும் ஒரு மன்னிப்பும்

லண்டன் குட்மேய்ஸில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு யூதப் பெண்மணி தனியாக இருந்தார். எங்கள் சமையல் வாசம் தாங்க முடியவில்லை என்று யாரோ கவுன்சிலுக்கு எழுதியிருந்தார்கள். அவர்தான் என்று எனக்குத் தெரியும். அந்தக் கோபத்தில் ஞாயிறுதோறும் குசினி யன்னலைத் திறந்துவைத்துக் கருவாடு பொரித்தேன்.

ஒரு செப்டெம்பர் மாலை அவர் தேன் கேக்கோடு வாசலில் நின்றார். யூதர்கள் பாவமன்னிப்புக் கேட்கும் யோம் கிப்பூர் நோன்பு வருகிறதாம். மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதர் மன்னித்த பிறகுதான் கடவுள் மன்னிப்பாராம்.

"கடிதம் எழுதியது நான்தான். என்னை மன்னிப்பீர்களா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கருவாட்டு விஷயத்தை என் அரைகுறை ஆங்கிலத்தில் ஒப்புக்கொண்டேன்.

"வேண்டுமென்றேவா?"

"ஓம்," என்று தமிழிலேயே சொல்லித் தலையாட்டினேன்.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் கண்ணீர் வர வர சிரித்தேன். "என்னப்பா, ரெண்டு பேருக்கும் என்ன நடந்தது?" என்று கணவர் ஓடிவந்தார்.

அன்போடு மனந்திரும்பினால் பழைய பாவமே புண்ணியமாகிவிடும் என்பது யூதர்களின் நம்பிக்கையாம். "அந்தக் கடிதம் எழுதியிராவிட்டால் இந்தக் கதவைத் தட்டியே இருக்க மாட்டேன்," என்றார்.

அவர் போனதும் எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. சண்டை பிடித்து இரண்டு வருடமாகப் பேசாத, டூட்டிங்கில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, பிழை என்ரதுதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"உனக்கென்ன, காய்ச்சலோ?" என்றாள் அக்கா. பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.