கழிக்காமல் விட்ட ஒரு மணித்தியாலம்

இந்த நாட்டில் வருசத்தில் இரண்டு தரம் மணிக்கூட்டைத் திருப்புகிறார்கள். குளிர் தொடங்கும் நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மருமகள் குசினியில் கதிரை ஒன்றின் மேல் ஏறிச் சுவர் மணிக்கூட்டைக் கழற்றினாள். எட்டு மணியை ஏழு மணியாக்கித் திரும்பக் கொளுவிவிட்டு இடியப்பத்துக்கு மா குழைக்கப் போய்விட்டாள். ரொறன்ரோவுக்கு வந்த முதல் வருசம் அதைக் கண்டபோது தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பி நின்றேன். சூரியனைக் கேட்கவில்லை, பஞ்சாங்கத்தைக் கேட்கவில்லை, ஒரு பெண்பிள்ளை விரலால் தள்ளிவிட நேரம் பின்னுக்குப் போகிறது. "என்ன மாமி, பயந்திட்டியளோ? ஒரு மணித்தியாலம் சும்மா கிடைச்சிருக்கு. போய்ப் படுங்கோ" என்று அவள் சிரித்தாள். அது எனக்குப் புதினமாக இருந்ததற்காக நான் பயப்படவில்லை. முன்பே தெரிந்ததாக இருந்ததால்தான் பயந்தேன். என் கலியாண வாழ்க்கை முழுவதும் இப்படித் திருப்பின ஒரு மணித்தியாலத்துக்குள்தான் அகப்பட்டுக் கிடந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள். எழுதும்போது ஒருவருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை. அதனால்தான் ஊரில் இருக்கிறவர்களுக்கும் இங்கே என்னைப்போல் வந்து கிடக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டதற்கு அடுத்த வருசம், மார்கழி மாதம் நான் பிறந்தேன். ஐயா கடற்படை யார்டில் தச்சு வேலை செய்தவர். வீட்டில் மணிக்கூடு இல்லை. யார்டின் சங்கு ஊதியதைக் கேட்டு, கலண்டர் தாளின் பின்பக்கத்தில் "காலை ஏழு மணி" என்று எழுதி வைத்தார். சண்டைக் காலத்தில் யார் சாதகம் எழுதினார்கள்? நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த பிறகுதான், எனக்கு ஆறு வயதளவில், அந்தத் தாளை ஒரு சாத்திரியாரிடம் கொடுத்துக் கணித்தார்கள். அம்மா மட்டும் எப்போதும் வேறு கதை சொல்லுவா. "நீ பிறக்கேக்குள்ள சூரியன் கடலை விட்டு எழும்பேல்லை. விளக்கு வெளிச்சத்தில்தான் உன்ரை முகத்தைப் பார்த்தனான்." மார்கழி என்றாலும் ஏழு மணிக்கு எங்கள் ஊரில் வெயில் முற்றத்துக்கு வந்துவிடும். ஆனால் பிள்ளை பெற்ற பொம்பிளையின் கதையை ஐயாவின் தாளுக்கு மேலாக எடுக்க ஒருவரும் இருக்கவில்லை.

சாதகத்தில் இரண்டு கட்டம் இருக்கும். ஒன்று ராசிக் கட்டம், மற்றது அம்சக் கட்டம். ஒரு லக்கினம் வானத்தில் எழும்பி முடிய ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுக்கும். அந்த லக்கினத்தை ஒன்பதாகப் பிரித்தால் ஒரு துண்டுக்குப் பதின்மூன்று நிமிடம் அளவுதான் வரும். பிள்ளை எந்தத் துண்டில் பிறந்தது என்று பார்த்து எழுதுவது அம்சம். கலியாணத்தைப் பார்ப்பதும், மனிதருக்குள்ளே இருக்கிற மனிதரைப் பார்ப்பதும் அதில்தான் என்பார்கள். எனக்குக் கலியாணம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டார் நட்சத்திரப் பொருத்தத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அம்சத்தை யாரும் விரித்துப் பார்க்கவில்லை. தாலி கட்டி எட்டாம் நாள், தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் சொன்னா.

"நேற்றுத்தான் சாத்திரியாரிட்டக் காட்டினனான். உனக்கு அம்சத்தில ஏழாம் வீட்டில சனி குந்திக்கொண்டிருக்காம். ஒரு கூரைக்குக் கீழ நெடுக இருந்தா மனுசனுக்குக் கூடாதாம். தூரத்து உத்தியோகமெண்டால் தப்புமாம். அவருக்குச் சொல்லிப்போடாதை. வாயால சொன்னா பலிச்சிடும்."

ஏழாம் வீடு புருஷன் இருக்கிற வீடு. அன்றிலிருந்து இவர் சாப்பிட உட்கார்ந்தாலும் பக்கத்தில் சனி உட்கார்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றும். இவர் துறைமுகத்தில் லோஞ்ச் படகின் எஞ்சின் ஓட்டியவர். எண்ணெய்க் கறை படிந்த கையால் என் கன்னத்தைத் தொட வருவார், நான் விலகிவிடுவேன். கறைக்குக் கூசுகிறேன் என்று நினைத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு வருவார். அப்போதும் விலகுவேன். மூன்றாம் வருசம், மகன் தவழுகிற காலத்தில், இவருக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தார். கட்டிலின் காலடியில் நின்று, இந்த முறை விட்டுவிடு, நான் அவரைத் தூரத்துக்கு அனுப்பிவிடுகிறேன் என்று சனிக்குச் சொன்னேன்.

காய்ச்சல் விட்டது. அடுத்த வருசம் கொழும்புத் துறைமுகத்தில் வேலை கிடைத்தது, குடும்பத்தோடு இருக்கக் குவாட்டர்சும் தருவதாகச் சொன்னார்கள். "மூண்டு பேருமாப் போவம்" என்று துள்ளிக்கொண்டு வந்தார். "எனக்குக் கொழும்பு ஏலாது. நீங்கள் போங்கோ" என்றேன். "என்னோட இருக்க உமக்கு என்ன பயம்?" என்று கேட்டார். நான் சுளகை எடுத்து அரிசி புடைக்கத் தொடங்கினேன்.

பதினைந்து வருசம் அப்படிப் போனது. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவார். நாலு நாள் தாண்டினால் எனக்குப் பயம் பிடித்துவிடும், கொழும்பு ரயிலின் நேரப் பேச்சை ஏதோ ஒரு சாட்டில் எடுத்துவிடுவேன். "நான் கட்டினது பொம்பிளையையோ, ஸ்டேசன் மாஸ்டரையோ?" என்று சிரிப்பார். பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து சிரிப்பார்கள். பிறகு ஒரு வருசம் அந்தப் பகிடியையும் விட்டுவிட்டார்.

எண்பதாம் ஆண்டு கழிந்த பிறகு, மகனுக்கு வெளிநாட்டுப் பயணம் உண்டோ என்று பார்க்கப் பாலையூற்றுக்குப் போனேன். அங்கே யார்டில் வேலை செய்து பென்சன் எடுத்த கிளாக்கர் ஒருவர் சாதகம் பார்ப்பார். மகனின் சாதகக் கொப்பியோடு என்னுடையதும் சேர்ந்து போய்விட்டது. அவர் அதை விரித்து, உள்ளே கிடந்த ஐயாவின் பழைய கலண்டர் தாளையும் வாசித்தார்.

"ஏழு மணி எண்டு கிடக்கு. கொம்மா என்ன சொன்னவ?"

"சூரியன் எழும்ப முந்தி எண்டு சொன்னவ, ஐயா."

"ஏழு மணிக்கு எழும்பாத சூரியன் எந்த ஊரில இருக்கு, பிள்ளை?" என்று கண்ணாடியைத் தூக்கினார். "சண்டைக்குள்ள வெள்ளைக்காரன் இலங்கை முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைச்சிருந்தவன். யார்ட் மணிக்கூட்டை என்ரை கையாலேயே திருப்பினனான். இதில அந்தச் சண்டை மணியைக் கழிக்கேல்லை. கணிச்சது ஆர், மாட்டு வைத்தியனோ?"

புதிய தாள் ஒன்றில் கோடு கிழித்தார். பென்சில் சத்தம் இப்போதும் என் காதில் கேட்கிறது. "லக்கினம் அதேதான், தனு. வெளியில பார்த்தா ஒரு பிழையும் தெரியாது. அம்சம்தான் நாலு வீடு தள்ளிப் போச்சு. சனி ஏழில இல்லை, பதினொண்டில நல்லா இருக்கிறார். ஏழில இருக்கிறது வியாழன். பிள்ளை, உமக்குப் புருஷனோட ஒரு வீட்டில கிழவியாகிற பலன்."

நான் அழவில்லை. அவர் நல்ல மனிதர், என் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றினார். "அம்சம் புருஷனைப் பார்க்க மட்டும் இல்லை. ஒரு ஆள் உள்ளுக்குள்ள எப்பிடிப் பழுக்குது எண்டதும் அதுக்குள்ளதான் இருக்கு."

"அப்ப நான் இவ்வளவு காலமாப் பழுத்ததும் பிழையோ, ஐயா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வீட்டுக்கு வந்து இவருக்குக் கடிதம் எழுதினேன். "வாங்கோ" என்று மட்டும் எழுதத்தான் நினைத்தேன். கை பழக்கத்தில் "ஒருக்கா வந்திட்டுப் போங்கோ" என்று எழுதிவிட்டது. வந்தார். நாலு நாள் இருந்தார். முதல் முறையாக நான் பயமில்லாமல் அவரைப் பார்த்தேன். காதோரம் நரைத்திருந்தது. அது எப்போது நரைத்தது என்று எனக்குத் தெரியாது. ஐந்தாம் நாள் பின்னேரம் குசினி வாசலில் வந்து நின்றார்.

"இஞ்சேரும், இந்த முறை ரயில் நேரம் சொல்லேல்லையே?"

நான் தேத்தண்ணி ஊற்றி அவருக்கு முன்னால் வைத்தேன்.

"மாத்திப்போட்டாங்களோ? அல்லது நானே பார்த்துப் போகட்டோ?"

சிரித்தபடிதான் கேட்டார். ஆனால் நகரவில்லை. நான் ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறும் வரைக்கும் அங்கேயே நின்றார். நில்லுங்கோ என்ற ஒரு சொல் போதும். சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால், பதினைந்து வருசத்தையும் ஒரு பிழையான கணக்குக்குக் கொடுத்துவிட்டேன் என்று அந்த முகத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும். அங்கே சனி இருக்கவில்லை. வெட்கம்தான் இருந்தது. அறைக்குள் ஓடினேன். கிளாக்கர் கீறித் தந்த தாளின் பின்பக்கத்தில் "முந்தின கட்டம் பிழையாம். இனிப் போக வேண்டாம்" என்று எழுதி, அவருடைய பையில் சேட்டுகளுக்குக் கீழே வைத்தேன். கொழும்பில் பையைத் திறக்கும்போது காண்பார், கண்டதும் வருவார் என்று கணக்குப் போட்டேன். வாசலில் செருப்பைப் போடும்போது அவர் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

மூன்றாம் கிழமை தந்தி வந்தது. நித்திரையிலேயே நெஞ்சு நின்றுவிட்டதாம். அறையில் வேறு ஒருவரும் இருக்கவில்லை. பிறகு பை வந்தது. சேட்டு, சாரம், சவரக் கத்தி எல்லாம் இருந்தன. தாள் மட்டும் இல்லை. வாசித்தாரோ, யாராவது குப்பையோடு வீசினார்களோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. பிழையான கட்டம் என்னிடம் இருக்கிறது. சரியான கட்டம் அவரிடம் போய்விட்டது. தூரத்தில் இருந்தும் தப்பவில்லை, பிழையான கட்டத்தைப் பார்த்துப் பயந்ததுதான் நடந்தது. ஏழாம் வீட்டில் இல்லாத சனிக்குக் கதிரை போட்டு இருத்தினது நான்தான்.

மகன் இங்கே வந்து சேர்ந்து, பிறகு என்னையும் எடுப்பித்தான். "கம்பியூட்டரில நேரத்தைப் போட்டா உங்கடை அம்சம் ஒரு நிமிசத்தில வரும் அம்மா. அடிச்சுத் தரட்டோ?" என்று ஒருமுறை கேட்டான். "வேண்டாம் ராசா. அது கொப்பரிட்ட இருக்கு" என்றேன். தகப்பனோடு போனதை அவன் பிறகு கேட்கவில்லை.

இந்த வருசம் மணிக்கூடு திருப்பின அன்று, வேலிக்கு அந்தப் பக்கம் இலை கூட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மா ஏதோ கேட்டா. "எக்ஸ்ட்ரா அவர்" என்றது மட்டும் விளங்கியது. கிடைத்த ஒரு மணித்தியாலத்தில் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டிருப்பா. எனக்கு வந்தது இரண்டு சொல்தான். "மை ஹஸ்பண்ட்" என்றேன். "ஓ! கமிங் டுடே?" என்று அவவின் முகம் மலர்ந்தது. இல்லை என்று சொல்லக் கூசி, தலையை ஆட்டிவிட்டேன். மத்தியானம் போல், தட்டில் இரண்டு துண்டு ஆப்பிள் பை, இரண்டு முள்ளுக்கரண்டி வைத்துக்கொண்டு வந்தா.

நான் அதை என் அறைக்குக் கொண்டுபோனேன். மகன் வந்து, "உங்கடை அறை மணிக்கூட்டையும் திருப்பி விடட்டோ அம்மா?" என்றான். "அது அப்பிடியே கிடக்கட்டும்" என்றேன். இனிக் குளிர் முடியும் வரைக்கும் என் அறையில் சண்டை மணி, குசினியில் சரியான மணி. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நடையில் பதினான்கு அடி தூரம். அதில் நடக்கும்போது நான் கனடாவிலும் இல்லை, திருகோணமலையிலும் இல்லை. ஒருவரும் கழிக்காமல் விட்ட அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் நடக்கிறேன். கை கழுவின சவர்க்கார வாசம் ஒன்று பின்னால் வரும். திரும்பிப் பார்க்க மாட்டேன், விலகவும் மாட்டேன். ரயில் நேரம் எனக்கு மறந்துவிட்டது என்று மட்டும் சொல்லுவேன். அதை இப்போது சத்தமாகவே சொல்லுவேன்.