சுற்றறிக்கையோடு படலை படலையாக

கிராம அலுவலர் வேலை என்பது, அரசாங்கம் சொன்னதைச் சனத்திடமும் சனம் ஏசினதை நெஞ்சுக்குள்ளும் கொண்டு திரிகிற வேலை.

கொரோனாக் காலத்தில் கொக்குவில் பக்கம் ஒரு பிரிவுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். பாஸுக்கும் பதிவுக்கும் ஊசிக்கும் வரிசையில் நின்ற நீங்கள் எல்லாரும் உங்கள் ஊர் விதானையை, அதுதான் கிராம அலுவலரை, ஒருதரமாவது திட்டியிருப்பீர்கள். அதில் பிழையில்லை. ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கும் உங்களைவிட ஒரு சொல்லும் கூடத் தெரியாது.

கடைசி எழுத்து

அடையாள அட்டையின் கடைசி இலக்கப்படிதான் வெளியே போகலாம் என்று ஒருநாள் அறிவித்தார்கள். எங்களுக்கு வந்த கடிதம் சிங்களத்தில் மட்டும் இருந்தது. பாதி விளங்கியது. மீதியைத் தொலைக்காட்சியில் கீழே ஓடின எழுத்தைப் பார்த்து நிரப்பினேன். கடிதத்தில் ஓர் இலக்கத்துக்கு ஒரு கிழமை, தொலைக்காட்சியில் அதே இலக்கத்துக்கு வேறொரு கிழமை. மேல் அலுவலகத்துக்குப் போன் எடுத்தால், "ரீவியிலை சொன்னதைச் சொல்லுங்கோ" என்றார்கள்.

மறுநாள் காலை, ஓய்வுபெற்ற தபாற்காரர் நடராசா ஐயா வந்தார். பிரஷர் மருந்து முடிந்து இரண்டு நாள். அவருடையது பழைய அட்டை. அதில் இலக்கங்கள் முடிந்த பிறகு ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அதை என் முகத்துக்கு நேரே நீட்டிக் கேட்டார்:

"பிள்ளை, என்ரை கடைசி 'வி' எல்லோ. அப்ப நான் வியாழக்கிழமையோ போறது?"

பாஸ்

ராசன் அண்ணை தோட்டக்காரர். அவருடைய கோவா, முட்டைக்கோசு என்பார்களே அது, முற்றி வெடிக்கத் தொடங்கியிருந்தது. மருதனார்மடம் சந்தைக்கு ஏற்ற வேண்டுமென்றால் ஊரடங்குப் பாஸ் வேண்டும். மூன்று படிவம் நிரப்பி, நாலு நாள் அலைந்து, ஒருபடியாகப் பாஸை எடுத்து, ஸ்கூட்டியில் கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்தேன். அன்றைக்கு மட்டும் ஏதோ உருப்படியாகச் செய்துவிட்டேன் என்று நிம்மதியாகப் படுத்தேன்.

அடுத்த நாள் காலை அவருடைய லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஏற்றின கோவாவோடு என் அலுவலக வாசலில் நின்றது. பொலிஸார் பாஸைப் பார்த்து மரியாதையாக வழி விட்டார்களாம். சந்தைதான் பூட்டிக் கிடந்ததாம். முதல்நாள் பின்னேரம் இன்னொரு அலுவலகத்தினர் பூட்டச் சொல்லியிருக்கிறார்கள். பாஸ் தந்தவர்களிடம் கேட்டேன், சந்தை தங்கள் பொறுப்பில்லை என்றார்கள். பூட்டினவர்களிடம் கேட்டேன், பாஸ் தங்கள் பொறுப்பில்லை என்றார்கள். ராசன் அண்ணை பாஸை மடித்து என் மேசையில் வைத்தார்.

"இதை நீங்களே வைச்சிருங்கோ தங்கச்சி. கோவாவை மாடாவது தின்னும், உந்தப் பாஸை அதுவும் தின்னாது."

வாய்க்கரிசி

இதைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வருவதில்லை. சிவகுமார் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். நெஞ்சு நோவென்று தாயை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இரண்டாம் நாள் தாய் கண்ணை மூடிவிட்டா. பரிசோதித்துக் கொரோனா என்றார்கள். பெட்டியை மூடி நேரே சுடலைக்குக் கொண்டுபோவார்கள், வீட்டுக்குத் தரமாட்டார்கள். எத்தனை பேர் போகலாம் என்று கேட்டேன். காலையில் பத்து என்றார்கள். மத்தியானம் ஐந்து என்றார்கள். ஒவ்வொரு எண்ணையும் நான்தான் அவர்கள் வீட்டு வாசற் படலைக்குக் கொண்டுபோய்ச் சொன்னேன். வாகனம் வெளிக்கிடுகிற நேரம் ஒருவர் மட்டும் என்றார்கள். சிவகுமார் ஏறினார். வாய்க்கரிசி போடவென்று அவருடைய தங்கச்சிக்காரி பொத்தி வைத்திருந்த அரிசி அவள் கையிலேயே இருந்தது.

பிறகு அந்தப் படலையில் தனிமைப்படுத்தல் தாளை ஒட்டினதும் நான்தான். பன்னிரண்டாம் நாள் ஒரு கடிதம் என் மூலம் வந்தது. தாயின் இறுதிப் பரிசோதனை முடிவு: தொற்று இல்லை. வேறு ஒரு வரியும் இல்லை. படலைக்கு மேலால் நீட்டினேன். சிவகுமார் இரண்டு தரம் வாசித்தார். ஏசுவார் என்று நின்றேன், ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் வீட்டுப் பக்கம் ஒருக்கால் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அக்கா, அண்டைக்குச் சொன்னது பொய்யோ, இது பொய்யோ? தங்கச்சிக்கு நான் எதைச் சொல்லுறது?"

அறிக்கை

எல்லாம் அடங்கின பிறகு கடைசியாக ஒரு சுற்றறிக்கை வந்தது. பெருந்தொற்றுக் கால அறிவுறுத்தல்களை எவ்வளவு தூரம் நிறைவேற்றினோம் என்று மூன்று பிரதியில் எழுதித் தரட்டாம். திருநெல்வேலிப் பக்கம் வேலை செய்யும் என் சிநேகிதி வசந்தியும் கிராம அலுவலர்தான். அவளுக்குப் போன் எடுத்து, என்ன எழுதுகிறாய் என்று கேட்டேன்.

"காலமை வந்த அறிவுறுத்தலையோ, பின்னேரம் வந்ததையோ எண்டு உதிலை போடேல்லையேயடி!"

அந்த நாட்களில் அரசாங்கம் என்ன செய்தது என்று இப்போது யாராவது கேட்டால், அறிவித்தது என்று மட்டும்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.