திட்டு வாங்கிய கத்திரி நாற்று

“கடக்வாஸ்லாவுலேர்ந்து ஹடப்சர் வரைக்கும் எவ வூட்டுல கத்திரிக்கா வதக்கினாலும், அந்த வாசனை முதல்ல என் வாசலுக்கு வந்து, பவுனக்கா சௌக்கியமான்னு கேட்டுட்டுதான் மேல போவும். பூனாவுல நிக்கிற கத்திரிச் செடி அத்தினியும் என் கை நாத்து!”

இப்படிச் சொல்லிவிட்டு, கேட்டவர்கள் வாயைத் திறப்பதற்குள் பவுனே கொஞ்சம் இறங்கி வருவாள். “சரி, ஹடப்சர் ஜாஸ்திதான். கட்கி ரயில்வே கேட்டு வரைக்கும்னு வச்சிக்க.”

கட்கியில், ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்பின் கடைசி வரிசையில் பவுனின் வீடு. கணவர் சந்தானம் தொழிற்சாலையில் கடைசல் பிடிப்பவர். வாய் பேசுவதை இயந்திரத்திடம் விட்டுவிட்ட மனிதர். அந்த வீட்டின் பேச்சு முழுக்கப் பவுனுடையது. வாசலில் இருந்த பத்தடி நீள மண்ணும் அவளுடையது. வேலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது, புடவைத் தலைப்பில் ஒரு சிட்டிகை முள்ளுக்கத்திரி விதை முடிந்து கொண்டுவந்திருந்தாள். காம்பில் முள் குத்தும், காய் வெண்ணெயாகக் குழையும். அதன் ருசியை அவள் வர்ணித்தால் ஆகாயத்தில் போகிற விமானம்கூடக் கொஞ்சம் தாழ்ந்து பறக்கும்.

விதையில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு சிட்டிகை தூவினால் இருநூறு முளைக்கும். அவள் மண்ணிலோ பன்னிரண்டு செடிக்குத்தான் இடம். மிச்சத்தைப் பிடுங்கிக் குப்பையில் போட அவளுக்குக் கை வரவில்லை. காலியான பால் பைகளைக் கழுவி, அடியில் மூன்று ஓட்டை போட்டு, மண்ணும் எருவும் நிரப்பி, ஒரு பைக்கு ஒரு நாற்றாக வாசலில் வரிசை கட்டினாள். தொண்ணூற்று நான்காம் வருஷம் ஆடி மாதம், பின்வரிசை வைஷாலி வந்து, “மாவ்ஷி, வாங்க்யாச்சி ரோப்ப ஆஹேத் கா?” என்று கத்திரி நாற்றுக் கேட்டு, நாலு நாற்றுக்கு நாலு ரூபாயைக் கையில் வைத்துவிட்டுப் போனாள். வியாபாரம் அப்படித்தான் தொடங்கியது.

மராட்டிக்காரப் பெண்கள் கேட்டார்கள், கொடுத்தார்கள், வாங்கிப் போனார்கள். சிக்கல் தமிழ்ப் பெண்களிடம்தான். காசு கொடுத்து வாங்கிய செடி பேருக்குக் காய்க்கும், ஓசியில் வாங்கியது காய்க்கவே காய்க்காது, அடுத்த வீட்டில் திருடி நட்டதுதான் கொத்துக்கொத்தாகக் காய்க்கும் என்பது அவர்கள் ஊரிலிருந்து ரயிலேற்றிக் கொண்டுவந்த நம்பிக்கை. அதிலும், பறிகொடுத்தவள் வாய் வலிக்கத் திட்டினால் செடி இன்னும் தழைக்குமாம்.

அடுத்த வீட்டு மங்கையர்க்கரசிதான் வந்து தலையைச் சொறிந்தாள்.

“அக்கா, உன் நாத்து வேணும். ஆனா வாங்க மாட்டேன்.”

“வாங்காம பின்ன இன்னாடி பண்ணுவ?”

“நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கயேன்.”

பவுன் திரும்பிக்கொண்டாள். முறத்தை எடுத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினாள். பின்னால் பால் பை சலசலத்தது. படிக்கட்டில் இருந்த பவுடர் டப்பாவில் ‘டணக்’ என்று காசு விழுந்தது. மங்கையர்க்கரசி மூன்று எட்டு வைத்ததும் பவுன் எழுந்து நின்று தொண்டையைத் திறந்தாள்.

“அடி எவடி அவ! கண்ணு முழி பிதுங்கப் பாத்துனு இருக்கறப்பவே தூக்கினு போறவ! உன் கை வெளங்குமா, உன் கொழம்பு கொதிக்குமா, உன் சட்டி அடி புடிச்சிப் போவ!”

மங்கையர்க்கரசி சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே ஓடினாள்.

அன்று முதல் அதுவே முறையாகிவிட்டது. தமிழ் வாடிக்கை வந்தால் பவுன் சுவரைப் பார்த்து உட்காருவாள். டப்பா சத்தம் கேட்டதும் திட்டு தயார். ஒரே திட்டை இரண்டு பேருக்குப் போட மாட்டாள். பிறகு சேர்ந்த தக்காளி நாற்றுக்கு ஒன்று, மிளகாய் நாற்றுக்கு ஒன்று, கத்திரிக்கு முள் வைத்த தனித் திட்டு. குறை சொல்லி வந்தவர்களும் உண்டு.

“போன தடவ நீ சரியா திட்டலக்கா. பாதியில இருமல் வந்து நிறுத்திட்ட. ரெண்டு செடி பட்டுப் போச்சி.”

“அதுக்கென்ன, இப்ப சேத்துத் திட்டறன், நில்லு.”

மதியம் சாப்பிட வரும் சந்தானம் இந்தக் கூச்சலுக்கு நடுவே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, “இன்னிக்கு எத்தினி திருட்டு?” என்று மட்டும் கேட்பார்.

இரண்டாயிரத்து மூன்று ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லி அரிசி வாங்கக் கட்கி பஜாருக்கு வந்த தீபா, பால் பைகளைப் பார்த்து வண்டியை நிறுத்தினாள். சென்னைப் பெண். பூனாவிலேயே பாணேரில் நாலாவது மாடியில் வீடு, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. செடி வளர்ப்பதில் அதுதான் முதல் பாடம்.

“ஆண்ட்டி, இந்த கத்திரி ரெண்டு குடுங்க. எவ்ளோ?”

பவுன் பழக்க தோஷத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “எடுத்துக்கினு ஓடும்மா.”

“ஏன் ஓடணும்? காசு தரேன் ஆண்ட்டி. பில் இருக்குமா?”

பவுன் திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் திட்ட மறந்துபோனாள். வண்டி மறைந்த பிறகுதான், ‘ஐயோ, காசுக்கு வாங்கி, திட்டும் வாங்காம போவுதே, அந்தச் செடி உருப்படுமா’ என்று நிஜமாகவே கவலைப்பட்டாள்.

அந்த வருஷம் கோடை கொளுத்தியது. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். காய் பறித்து முடிந்ததும் எல்லோரும் செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். பவுன் மட்டும் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி ஒரே ஒரு தாய்ச்செடியைக் காப்பாற்றினாள். அதில் ஒரே ஒரு காயை விதைக்கு விட்டிருந்தாள். காம்பில் சிவப்பு நூல் கட்டி, அது பொன் மஞ்சளாகப் பழுப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருஷத்து விதையில் ஒன்றுகூட வீட்டில் இல்லை; கேட்டவர்களுக்கெல்லாம் விதைத்துக் கொடுத்துத் தீர்த்திருந்தாள். ஊருக்கு எழுதிக் கேட்கவும் வழியில்லை; அங்கே அவள் அண்ணன் இப்போது கடைப் பாக்கெட் விதைதான் போடுகிறான். அந்த ஒற்றைப் பழம் போனால் முள்ளுக்கத்திரி போயிற்று.

மே மாதம் இரண்டாம் வாரம் ஒரு காலையில் பழத்தைக் காணவில்லை. சிவப்பு நூல் மட்டும் தரையில் கிடந்தது.

பவுன் திட்டவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்துத்தான் வரிசை முழுக்கப் பயந்து போயிற்று. ஒருத்தி காபி கொண்டுவந்தாள், ஒருத்தி விசிறினாள். “திட்டுக்கா, ரெண்டு வார்த்தை திட்டிடு” என்று கெஞ்சினார்கள்.

“இது வேற திருட்டுடி,” என்றாள் பவுன். “டப்பாவுல சத்தம் கேக்கலயே.”

மூன்று வாரம் அவள் சொந்த வாசல் பக்கம் பார்க்கவில்லை. காலிப் பால் பைகள் மூலையில் மடங்கிக் கிடந்தன. வைஷாலி இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். ஒருநாள் சந்தானம் சாப்பிட உட்கார்ந்து, “இன்னிக்கு எத்தினி...” என்று ஆரம்பித்து, சோற்றைப் பார்த்தபடி நிறுத்திக்கொண்டார்.

ஜூன் முதல் வாரம், மழை மேகம் கூடி மண்வாசனை கிளம்பிய ஒரு மாலை, வாசலில் வண்டி வந்து நின்றது. தீபா. முகத்தில் கோபம், கையில் பிளாஸ்டிக் பை.

“ஆண்ட்டி, உங்க செடி வேஸ்ட்! ரெண்டும் நல்லாதான் வந்துச்சு. காய் விட்டுச்சு. சரி, தக்காளி மாதிரி பழுத்ததும் பறிக்கலாம்னு ரெண்டு மாசமா காத்திருக்கேன். எல்லாம் இப்படி மஞ்சளாப் போயிருச்சு. அறுத்தா உள்ள ஒரே விதை!”

பையைக் கவிழ்த்தாள். படிக்கட்டில் உருண்டன ஐந்து பழங்கள். காம்பெல்லாம் முள். மாம்பழத்துக்கு அக்கா தங்கை மாதிரி பொன்னாக மின்னின.

பவுன் ஒரு பழத்தை எடுத்தாள். முகர்ந்தாள். காதுக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டிப் பார்த்தாள். பிறகு தீபாவை இழுத்து இரண்டு கன்னத்தையும் வழித்து நெட்டி முறித்தாள்.

“பிஞ்சுல பறிக்கணும்னு தெரியாத உன்னப் பெத்த மகராசி எங்கம்மா இருக்கா? அவ கால்ல வுழணும் நானு!”

“ஐயோ, என்ன ஆண்ட்டி ஆச்சு?”

“இந்த லைன்ல இருக்கறவ அத்தினி பேரும் சமைக்கத் தெரிஞ்சவளுங்க கண்ணு. பிஞ்சுலயே பறிச்சித் தின்னுட்டாளுங்க. உனக்கு ஒண்ணும் தெரியாததால தாண்டி என் விதை பொழச்சிது!”

கூட்டம் கூடிவிட்டது. சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே ஒரு விசும்பல். மங்கையர்க்கரசி.

“அக்கா, அந்தப் பழம் நான்தான் எடுத்தேன். திருடின நாத்தே அப்படிக் காய்க்குதே, தாய்ப்பழத்தையே திருடினா எப்படிக் காய்க்கும்னு ஆசைப்பட்டுட்டேன். பயத்துல பரண்மேல ஒளிச்சு வச்சேன். எலி தின்னுடுச்சு.”

எல்லோரும் பவுனைப் பார்த்தார்கள். பவுன் இடுப்பில் கை வைத்தாள். மூன்று வாரமாகத் தொண்டையில் தேங்கியிருந்தது மொத்தமும் மடை திறந்து வந்தது. மங்கையர்க்கரசியின் கையையும் பரணையும் எலியையும் எலியின் ஏழு தலைமுறையையும் சேர்த்துத் திட்டினாள். அப்படி ஒரு திட்டை அந்த வரிசை அதற்கு முன் கேட்டதில்லை. கடைசியில் மூச்சு வாங்க நின்று, “போதுமாடி?” என்றாள்.

“போதும்க்கா,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள் மங்கையர்க்கரசி.

அன்றே பழங்களைப் பிசைந்து தண்ணீரில் விட்டார்கள். மூழ்கியதெல்லாம் நல்ல விதை. சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தினார்கள். இந்த முறை பவுன் எல்லா விதையையும் தன் வீட்டில் வைக்கவில்லை. வரிசையில் வீட்டுக்கு ஒரு பொட்டலம், தீபாவுக்கு ஒன்று. மங்கையர்க்கரசிக்கு மட்டும் எலி நுழையாத எவர்சில்வர் டப்பாவோடு.

ஜூலையில் மழை பிடித்துக்கொண்டபோது, வாசலில் பால் பைகள் மறுபடி வரிசை கட்டின. ஒவ்வொன்றிலும் இரண்டு இலை. ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் கூட்டம். குடையைப் பிடித்துக்கொண்டு தீபாவும் நின்றிருந்தாள். புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி, “விதையைக் காப்பாத்தினது யாரோ பாணேர்ப் பொண்ணாமே?” என்று கேட்டதுதான் தாமதம், பவுன் குடத்தைக் கீழே வைத்தாள்.

“அத்த ஏன் கேக்கற! திருடின செடிதான் காய்க்கும்ங்கறதுக்கு இவளே சாட்சி. பட்டப்பகல்ல, வண்டிய அங்க மரத்தாண்ட மறைச்சி நிறுத்திட்டு, செவுரு ஏறிக் குதிச்சா பாரு! ரெண்டு நாத்த வாரினு ஓடறா. நான் வெளக்குமாத்த எடுத்துனு ரயில்வே கேட்டு வரைக்கும் தொரத்தினன். வாய் வலிக்கத் திட்டினன். அந்தத் திட்டுல மொளச்சதுதான் இத்தினியும்!”

“ஆண்ட்டி,” என்றாள் தீபா, குடையைச் சாய்த்து. “நான் திருடவே இல்லை. காசு குடுத்துதான் வாங்கினேன். நீங்களும் திட்டலை. பில் கேட்டேன், சிரிச்சீங்க, அவ்ளோதான்.”