மின்விசிறிக்கு ஒரு சாண் கீழே

ஒன்பது வருஷம் குடியிருந்த வீட்டை ஒரு கல்லைப் பார்த்துப் பயந்து காலி பண்ணிய ஆள் நான்தான். ஓசூருக்கு வெளியே, தென்பெண்ணைப் பாலத்திலிருந்து நாலாவது வீடு. நல்ல கிணற்றுத் தண்ணீர், வாசலில் முருங்கை. என் மனைவிக்கு அதை விட்டு எங்கும் போக இஷ்டமில்லை.

பாலத்தோரம் ஒரு கல் நட்டிருக்கும். எப்போதோ பெருவெள்ளம் ஏறிய உயரத்துக்கு அதில் ஒரு கோடு. கீழே செதுக்கியிருந்த வருஷம் தேய்ந்துபோயிருந்தது. தினமும் அதன் மேல் சாய்ந்து டீ குடித்தவன்தான். போன ஐப்பசியில் அணை திறக்கப்போவதாக ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப்போனார்கள். அன்றைக்குத்தான் அந்தக் கோடு எனக்கு உறைத்தது.

தெருமுனைக் கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடித்து, கோட்டின் மட்டத்தை வீடு வீடாகக் கடத்தி, கடைசியில் எங்கள் கூடத்துச் சுவரில் பென்சிலால் கிழித்தார். மின்விசிறிக்கு ஒரு சாண் கீழே. கட்டிலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். அங்கேயே மூச்சு முட்டியது. ஆறு என்னவோ பாலத்துக்கு ரொம்பக் கீழே நுரை தள்ளிக்கொண்டு அதுபாட்டுக்குப் போனது. மனைவி எவ்வளவோ சொன்னாள். சாயங்காலமே வீட்டுக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். மறுநாளே அவர் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்.

சாமான் கட்டும்போது கொத்தனார் ஒத்தாசைக்கு வந்தார். பீரோவை நகர்த்திக்கொண்டே சாவகாசமாகச் சொல்கிறார்: ரோட்டை அகலப்படுத்தியபோது, கீழே ஆற்றோரம் நின்ற கல்லைப் பிடுங்கி, வீணாய்ப் போக வேண்டாமென்று மேலே கொண்டுவந்து நட்டதே அவர்தானாம். அதில் கல் பழைய இடத்தைவிட ஒன்றரை ஆள் உயரம் மேலே ஏறியிருக்குமாம். அப்படியென்றால் அந்த வெள்ளம் எங்கள் வாசற்படியைக்கூட நனைத்திருக்காது.

"அன்னைக்கே சொல்றதுக்கு என்னய்யா?"

"நீங்க மட்டந்தான சார் பாக்கச் சொன்னீங்க. கல்லப் பத்திக் கேக்கலயே."

வீட்டுக்காரரிடம் ஓடினேன். வாக்குக் கொடுத்தாச்சு என்று கையை விரித்தார். கடைசியாக ஒரு தந்திரம் செய்தேன். புதிதாக வர இருந்தவர் கடலூர்க்காரர், சூளகிரிப் பக்கம் கம்பெனி வேலை. அவரை நைசாகத் தள்ளிக்கொண்டுபோய்க் கல்லையும் பென்சில் கோட்டையும் காட்டினேன். கல் இடம் மாறிய கதையை மட்டும் விழுங்கிவிட்டேன். அவர் கோட்டைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த ஆறு எங்க ஊர்லதான் சார் கடல்ல சேருது. இங்க தொறந்து விட்டீங்கன்னா நாங்க அங்க கட்டில் மேல கட்டில் போட்டுப் படுப்போம். எனக்கு இது மேட்டு வீடு."

முருங்கையும் அவருக்கே போனது.

இப்போது மத்திகிரியில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. சிலிண்டர் கொண்டுவருகிறவர் கீழேயே இறக்கிவிட்டுப் போய்விடுகிறார். நேற்று அதை நடுப்படியில் வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். மேலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, அங்கயே நின்னுட்டீங்க? சீக்கிரம் ஏறுங்க. தண்ணி அந்தப் படிக்கு வந்துரப் போகுது."